புது பேட்டரிக்கு வைத்த பொட்டு

என்னோடு சேர்ந்து வயதானவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் சிரிப்பார்கள். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள், எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஜெபக்கூட்டத்தில் ஒரு வசனம் வாசிக்கச் சொன்னாலே பைபிளைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவேன் என்பது உங்களில் சில பேருக்குத் தெரியும். வாயால் சொல்ல வராததால் பேத்தியின் பழைய நோட்டில் பின்பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் மருமகனின் காருக்குப் புது பேட்டரி மாற்றினார்கள். ஒரு தம்பி ஸ்கூட்டரில் பேட்டரியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்தான். சின்னதாக ஒரு மீட்டரை எடுத்தான், சிவப்பு ஒயரை ஒரு பக்கம், கறுப்பு ஒயரை ஒரு பக்கம் வைத்தான், "ஃபுல்லா கீது சார்" என்றான். ஸ்பேனரால் நாலு திருகு. முடிந்தது. நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது: "கிராவிட்டி பாக்கலியா தம்பி?"

அந்தத் தம்பி நிமிர்ந்து பார்த்தான். மகள் பார்த்தாள். மருமகன் போனிலிருந்து கண்ணை எடுத்தார். இதில் மூடியே கிடையாதும்மா, எல்லாம் சீல் பண்ணது, தண்ணி ஊத்தவும் வேணாம், பாக்கவும் வேணாம் என்று அவன் மரியாதையாகத்தான் சொன்னான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளே வந்து அரிசி பொறுக்க உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் மூடியில்லாத பேட்டரியை மனசு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் ஆறு மூடிக்காக நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்.

நீங்கள் எல்லாம் அந்த வயதில் பாண்டி ஆடிக்கொண்டிருந்திருப்பீர்கள். நான் பட்டாபிராமில், ரயில்வே கேட்டை ஒட்டி அப்பா வைத்திருந்த பேட்டரி சார்ஜ் கடையில் இருந்தேன். அஞ்சாவது பரீட்சை முடிந்து விட்ட லீவு. அந்த இரண்டு மாதத்தைத்தான் சொல்கிறேன்.

கடை என்றால் பெரிதாக ஒன்றும் நினைக்காதீர்கள். மேலே தகரம், மூன்று பக்கம் பலகை. உள்ளே நீளமாக ஒரு மரப்பெஞ்சு, அதன் மேல் வரிசையாக பேட்டரிகள். சுவரில் சார்ஜர் பெட்டி. அதற்குள் சின்னப் பூசணிக்காய் அளவுக்குக் கண்ணாடி பல்பு ஒன்று இருக்கும். சுவிட்சைப் போட்டால் ஊதா நிறத்தில் எரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் கெட்டுவிடும் என்று அம்மா சொல்வார்கள், அதனால் நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பெட்டி மேல் அப்பா ஒரு ஜெபமாலையைத் தொங்கவிட்டிருந்தார். மூலையில் வைக்கோல் அடைத்த கூடைக்குள் பெரிய கண்ணாடி ஜாடியில் ஆசிட். அந்த மாதிரி ஜாடி, அந்த மாதிரி பல்பு எல்லாம் இப்போது எந்தக் காயலான் கடையிலும் கிடைக்காது.

வாசனையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தொண்டையில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்த மாதிரி ஒரு காரல். மூக்கு எரியும், இருமல் வரும். ஆசிட் புகை மூச்சுக்கு நல்லது, சளி பிடிக்காது என்று அப்பா நிஜமாகவே நம்பினார். அவருடைய லுங்கியெல்லாம் சல்லடை மாதிரி ஓட்டை. என் கவுனும் அப்படித்தான். துவைத்துக் காயப்போட்டால் வெயில் அதன் வழியாகத் தரையில் புள்ளி புள்ளியாக விழும்.

அப்போதெல்லாம் புது பேட்டரி என்றால் வாங்கி உடனே மாட்ட முடியாது. ஆசிட் இல்லாமல் வெறுமையாக வரும். கறுப்புப் பெட்டி, மேலே தார் ஊற்றி மூடியிருக்கும், அதில் ஆறு வாய், ஆறு மூடி. ஒவ்வொரு வாயிலும் ஆசிட் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் கொதிப்பு எடுத்த பிள்ளை மாதிரி உடம்பெல்லாம் சுடும். அது அடங்கினதும்தான் சார்ஜில் போடுவது. அதுவும் மெதுவாக, ஒரு பகல் ஒரு இரவு, சிலதுக்கு இரண்டு பகல். உள்ளே சோடா மாதிரி நுரைக்கும். காதை வைத்தால் சரசரவென்று பேசும்.

ஆயிற்றா இல்லையா என்று கண்டுபிடிக்கக் கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி, பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. தலையில் ரப்பர் உருண்டை. அதை அமுக்கி விட்டால் ஆசிட் குழாய்க்குள் ஏறும். உள்ளே மீன் குஞ்சு போல ஒரு மிதவை, அதன் வயிற்றில் பொடிப் பொடியாக எண்கள். மிதவை எந்த எண் வரைக்கும் மூழ்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஆயிரத்து இருநூற்றைம்பது வந்தால் ஆயிற்று. அதுவும் ஒரு வாயில் வந்தால் போதாது. ஆறிலும் வர வேண்டும், மூன்று தடவை விட்டு விட்டுப் பார்த்தாலும் மாறாமல் நிற்க வேண்டும். அப்புறம்தான் கழற்றி, ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரில் மேலே துடைத்து, மூடிகளைத் திருகிக் கொடுப்பது.

ஒவ்வொரு மூடியிலும் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். பேட்டரி மூச்சு விடுகிற வழி அது. அதில் அழுக்கு அடைக்காமல் ஈர்க்குச்சியால் குத்தி ஊதித் தருவதுதான் கடையில் எனக்குக் கொடுத்த முதல் வேலை.

இரண்டாவது வேலை ரகசியம்.

அப்பாவுக்கு அந்தப் பொடி எண்கள் தெரியவில்லை. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போதே அவருக்கு அது ஆரம்பித்துவிட்டது. குழாயைக் கையை நீட்டித் தூரமாகப் பிடிப்பார், பக்கத்தில் கொண்டுவருவார், வெளிச்சத்துக்குத் திருப்புவார். ஆசிட் புகை கண்ணைத் தின்றுவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அம்மாவும் அப்படியே நம்பி, மாதா கோயில் தீர்த்தத்தை வாரா வாரம் அவர் இமையில் தொட்டு வைப்பார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நாற்பது தாண்டினால் நம் எல்லோருக்கும் வந்த அதே கண்தான் அது. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் நாம் ஒவ்வொருவரும் கண்ணாடி வாங்கவில்லையா? ஆனால் பேட்டரிக்காரன் கண்ணாடி போட்டால், ஆசிட்டில் கண் போச்சு, இனி இவன் கையில் வண்டியை நம்பிக் கொடுக்கக்கூடாது என்று ஆவடி வரைக்கும் பேசுவார்கள் என்று அவர் பயந்தார்.

அதனால் நான்தான் பார்த்தேன். குழாயை அவர் பிடிப்பார், நான் அவர் கைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பேன். வாடிக்கைக்காரர்கள் முன்னால் வாயைத் திறந்து எண்ணைச் சொல்லக்கூடாது. அவர் முதுகில் விரலால் எழுதுவேன். ஆயிரம் எப்போதும் ஆயிரம்தான், அதை விட்டுவிடலாம். மிச்சம் மூன்று எண். இரண்டு, அஞ்சு, சுழி. அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆயிரத்து இருநூத்தி அம்பது" என்பார். பேசத் தெரியாத பிள்ளைக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்த வேலை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வேர்வையில் சட்டை ஒட்டியிருக்கும், அதன் மேல் எண்கள் வழுக்கிக்கொண்டு போகும். அவருக்குக் கூச்சம் எடுத்தால் தோளைக் குலுக்குவார்.

அந்த லீவில்தான் டாக்ஸி அண்ணன் சொந்தமாகக் கார் வாங்கினார். எங்கள் தெருக்காரர். பதினைந்து வருஷம் யார் யார் காரையோ ஓட்டியவர். ஏலத்தில் எடுத்த பழைய கார் நாலு மாதம் வேப்பமரத்தடியில் சக்கரம் இல்லாமல் நின்றது, ஒவ்வொரு சாமானாக வந்து சேர்ந்தது. கடைசியாக வந்தது பேட்டரி. துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையை எடுத்துவருவது மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கடைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அவருடைய கார்தான். முதல் சவாரி.

சார்ஜில் போட்ட இரண்டு நாளும் அவர் கடையை விட்டுப் போகவில்லை. டீ வாங்கிவருவார், பேட்டரியிடம் குனிந்து, "இன்னா நைனா, துன்னியா, போதுமா?" என்று விசாரிப்பார். அப்பாவை வம்புக்கு இழுப்பார். "அண்ணாத்தே, என் பொண்டாட்டிகூட பிரசவத்துக்கு இத்தினி நேரம் எடுத்துக்கல." அப்பா சிரிக்க மாட்டார். வேலை நேரத்தில் அவர் பாதிரியார் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அவர் முதுகு குலுங்குவது பின்னால் நிற்கிற எனக்கு மட்டும் தெரியும்.

சனிக்கிழமை காலை ஆறு வாயிலும் ஆயிரத்து இருநூற்று அம்பது வந்தது. மூன்று தடவை பார்த்தோம். துடைத்து, மூடி போட்டு, வெளியே கொண்டுவந்து காரில் மாட்டினார் அப்பா. டாக்ஸி அண்ணன் மனைவி குளித்து, ஈரத்தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்திருந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்தத் தெருவில் என்னைப் போலவே மெதுவாகப் பேசுகிற ஒரே ஆள் அவர். ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்தார், நாலு சக்கரத்துக்கும் வைத்தார். பிறகு முன்பக்க மூடியைத் தூக்கச் சொல்லி, பேட்டரிக்கும் வைத்தார். பெட்டியின் மேல் ஆறு மூடி வரிசையாக, குமிழ் குமிழாக, பொட்டு வைப்பதற்கென்றே செய்தது மாதிரி அழகாக இருந்தது. ஒவ்வொரு மூடியின் உச்சியிலும் தாராளமாக ஒரு சந்தன உருண்டை, அதன் நடுவில் குங்குமம். ஆறு பொட்டு.

ஆறு ஓட்டையும் அடைந்துபோயின.

நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையில் ஈர்க்குச்சிகூட இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நானே இத்தனை வருஷம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். நாங்கள் வேதக்காரர்கள், அவர்கள் அப்படியில்லை. எங்கள் ஜெபமாலையை அதுவரை எந்த வாடிக்கைக்காரரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்கள் பூசை செய்யும்போது நாமும் குறுக்கே நிற்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். பொட்டு வைக்க ஆரம்பித்தாலே அவர் கை கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய்விடுவார். அன்றும் போய்விட்டார். அவர் நின்றிருந்தாலும் அவ்வளவு பக்கத்தில் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஒரு கிறிஸ்தவப் பிள்ளை, அதுவும் நல்ல காரியம் நடக்கும்போது, அந்தப் பொட்டைத் துடை என்று எப்படிச் சொல்லும்? அதோடு, இவளுக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்டால் அப்பாவின் ரகசியம் வெளியே வருமே. இதையெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்குள் டாக்ஸி அண்ணன் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா குழாயடியிலிருந்து ஈரக் கையோடு பார்த்துச் சிரித்தார்.

திங்கட்கிழமை பேட்டரி திரும்பி வந்தது. டாக்ஸி அண்ணன் அதை ஏந்தி வரவில்லை. கோணிப்பையில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தார்.

போகும்போது நன்றாகத்தான் போயிருக்கிறது. அழைப்புக்குக் கிளம்புகிற நேரத்தில் பொட்டென்று ஒரு சத்தம். முன்பக்கம் திறந்தால் இரண்டு மூடி தெறித்துப் போயிருக்கிறது, மேல் தார் பணியாரம் மாதிரி உப்பி வெடித்திருக்கிறது, ஆசிட் வழிந்து கீழே தகரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையே இறங்கி வண்டியைத் தள்ளினாராம். அப்புறம் யாருடையதோ குதிரை வண்டியில் ஏற்றி அனுப்பினார்களாம். அதைச் சொல்லும்போது டாக்ஸி அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பதினஞ்சு வருசம் அடுத்தவன் வண்டிய ஓட்னேன் அண்ணாத்தே. ஒரு நாள் இப்பிடி நடுவுல நின்னது கெடையாது" என்று மட்டும் சொன்னார்.

அக்கா கோணிக்குப் பின்னால் நின்றிருந்தார். பொங்கின ஆசிட்டில் பொட்டெல்லாம் அழிந்துவிட்டது. அழிந்த பொட்டோடு பேட்டரியைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்திருக்கிறது, ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தார். தன் கை ராசி சரியில்லை என்று அவர் அழுததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அப்பா பேட்டரியைத் தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். சார்ஜ் சரியாக ஏறாமல் எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார். சார்ஜ் குறைந்தால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான், பேட்டரி வெடிக்காது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தன் கண்ணைப் பற்றிய பயம் இருந்தவருக்கு வேறு காரணம் தோன்றவில்லை. "என் தப்புதான். தாரை உருக்கி ஊத்தி, திருப்பி சார்ஜ் போட்டுத் தரேன்" என்றார்.

அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போது என்னைப் பார்க்காமல் கேட்டார். "நெஜமாவே அம்பது வந்துச்சா? இல்ல, அந்த அண்ணன் அவசரப்படறாருன்னு எழுதிட்டியா?"

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். அம்மா, பச்சைப் பிள்ளையை நம்பி இப்படித் தொழில் பண்ணினால் இப்படித்தான் ஆகும் என்று அவரைத்தான் திட்டினார்கள். மறுநாளிலிருந்து அப்பா என்னைப் பின்னால் நிற்க விடவில்லை. மூடியை மட்டும் சுத்தம் பண்ணு என்றார்.

தெறித்தது போக மிச்சம் இருந்த நாலு மூடியைச் சுத்தம் பண்ணினேன். ஈர்க்குச்சியை விட்டதும் காய்ந்த மஞ்சள் தூள் உதிர்ந்தது. ஆசிட் நெடிக்கு நடுவிலும் சந்தனம் மணத்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் குழாயைத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, தனக்குத்தானே ஏதோ எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். கையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டேன். அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் டாக்ஸி அண்ணனும் அக்காவும் வந்தார்கள். பத்து மணிக்கு ஆவடியிலிருந்து ஒரு சவாரி வந்திருக்கிறது, கெட்ட பேரைத் துடைத்துக்கொள்ள அதுதான் வழி என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர் டீக்கடைக்காரரும் பாய்லரை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அப்பா குழாயை ஒவ்வொரு வாயிலும் விட்டுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அம்பது, அம்பது என்றார். நான் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். குழாய் என் முகத்துக்கு நேராக நின்றது. மிதவை இருநூறைத் தாண்டவில்லை. நாலாவது வாயில் நூற்று எண்பது.

அப்பா மூடிகளைத் திருகினார், தெறித்த இரண்டுக்குப் பதிலாகப் பழைய பேட்டரியின் மூடிகள். பெஞ்சிலிருந்து தூக்கி வெளித்திண்டில் வைத்தார். இந்தத் தடவை பூசையை இங்கேயே முடித்துவிட்டுத்தான் மாட்டுவது என்று டாக்ஸி அண்ணன் சொன்னார். அக்கா கிண்ணத்தை எடுத்தார். அப்பா கை கழுவத் திரும்பினார். அக்காவின் மோதிர விரல் முதல் மூடிக்கு மேலே போய்விட்டது. பயந்துகொண்டே, போன தடவையைவிடப் பெரிய உருண்டையாக எடுத்திருந்தார்.

"அங்க வெக்காதீங்கக்கா."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

அக்கா விரலை இழுத்துக்கொண்டார். டாக்ஸி அண்ணன் முகம் மாறியது. அப்பா பாதி வழியில் நின்று, "உள்ள போ" என்றார். அவ்வளவு கடுமையாக அவர் என்னிடம் பேசினதே கிடையாது. அவர்கள் சாமி காரியத்தில் நான் வாயை வைத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

நான் உள்ளே போகவில்லை. போயிருந்தால் இன்னொரு தடவை வாய் வந்திருக்காது. அழுகையோடு சேர்த்தே சொன்னேன். "அதுல ஓட்ட கீது. அது வழியாதான் மூச்சு வுடும். போன தபாவும் ஆறையும் சந்தனம் அடச்சிகினு இருந்திச்சி, நான் பாத்தேன். அதான் வெடிச்சிச்சி. பக்கவாட்டுல வெச்சா ஒண்ணும் ஆவாது."

அக்கா மூடியைக் குனிந்து பார்த்தார். டாக்ஸி அண்ணன் குனிந்து பார்த்தார். அவர் மெதுவாக, "உனுக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றார்.

இவ்வளவு சொன்னபிறகு மிச்சத்தை எப்படி விழுங்குவது? "அப்புறம், இது இன்னும் ஆவல. இருநூறுதான் வந்திருக்கு. நாலாவது நூத்தி எம்பது" என்றேன்.

அப்பா அப்போதுதான் எல்லாவற்றுக்கும் அம்பது என்று எல்லோர் முன்னாலும் சொல்லி முடித்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் காலைத்தான் பார்த்தேன். பேட்டரியைத் துடைத்த ஈரத்துணி அவர் கையிலேயே இருந்தது, அதிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி அவர் கால் விரல் மேல் விழுந்துகொண்டிருந்தது.

டீக்கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணாத்தே, உம் பொண்ணு முதுவுல எழுதறது யாருக்கும் தெரியாதுன்னா நெனச்சிகினு கீற? என் கடைல ஒக்காந்தா உன் முதுவுதான தெரியும்."

"மொத வருசமே தெரியும்" என்றார் டாக்ஸி அண்ணன். "கொழாயப் பாக்காம ஒருநா என்னப் பாத்துகினே நம்பர் சொன்ன பாரு, அன்னிக்கே. நம்பர் சரியா வந்துச்சி, நாங்க இன்னாத்துக்குக் கேக்கணும்? இந்தத் தபா பாப்பா பின்னால இல்லியேன்னு எனுக்குக் கொஞ்சம் திக்குனுதான் இருந்திச்சி."

நீங்கள் நினைத்துப் பாருங்கள். இரண்டு வருஷம் அந்த மனிதர் எத்தனை பயந்து, எத்தனை தொண்டையைக் கனைத்து, தன்னை மறைத்துக்கொண்டிருந்தார். அவர் மறைக்கிறார் என்பதற்காகவே ஒரு தெரு முழுக்கத் தெரியாத மாதிரி நின்றுகொண்டிருந்திருக்கிறது.

அப்பா கடைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் குழாயைத் துணியால் துடைத்தார். பிறகு டாக்ஸி அண்ணனிடம், ஒரு நாள் தவணை கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஆவடி சவாரி அதோடு போயிற்று. டாக்ஸி அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக அந்த வெயிலில் ஆவடிக்குப் போனார். அக்கா மட்டும் நின்றார். என்னிடம் வந்து, "அப்ப என் கை ராசியால இல்லியா?" என்று கேட்டார். அதனால் இல்லவே இல்லை என்றேன். அவர் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் கசப்பாகப் போய்விடும். அந்த லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அப்பா என்னை ஆறாவது சேர்க்கவில்லை. என் கண் இல்லாமல் கடை ஓடாது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அவர் அதை எனக்குத் தந்த மரியாதை என்றே நினைத்தார். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். எனக்குக் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போன அதே மாதம் அவர் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டார். எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். அந்தச் சேதி வந்த நாளில் நான் கிணற்றடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு முதலிலேயே யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. நானும் சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காலையில் டாக்ஸி அண்ணன் வந்தபோது அவரோடு தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். முந்தின நாள் நடந்தது பரவிவிட்டது. ஜாடிக் கூடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எப்போதும் போல முதுகில் எழுதச் சொன்னால் எழுதிவிடலாம் என்று ஒரு ஆசை இருந்தது.

அப்பா முதல் மூடியைத் திறந்து, குழாயை விட்டு, ரப்பரை அமுக்கி ஆசிட்டை ஏற்றினார். அதைத் தன் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. அப்படியே என் பக்கமாக நீட்டிப் பிடித்தார்.

"வா. பாத்துச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும்."

வந்தேன். மிதவை கொஞ்சம் ஆடி நின்றது. என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. அப்பா அவசரப்படுத்தவில்லை. கை வலித்திருக்கும், குழாயை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கேட் மூடியிருந்தது, ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிகிற வரைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஆயிரத்து இருநூத்தி அம்பது" என்றேன்.

"ரெண்டாவது?"

"அம்பது."

"முழுசா சொல்லு."

"ஆயிரத்து இருநூத்தி அம்பது."

மூன்று, நாலு, அஞ்சு. நாலாவதில் மட்டும் அம்பத்தஞ்சு இருந்தது, அதையும் சொன்னேன். ஆறாவதைச் சொன்னபோது என் குரல் எதிர் டீக்கடையில் மோதித் திரும்பிவந்தது எனக்கே கேட்டது. அக்கா பெட்டியின் முன்பக்கத்தில் ஒரே ஒரு பொட்டு வைத்தார். அன்றிலிருந்து எங்கள் கடைக்கு வந்த எல்லாப் பேட்டரிக்கும் பொட்டு அங்கேதான். டாக்ஸி அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டப் போகும்போது ஒரு தடவை திரும்பி, "இன்னொரு வாட்டி நீ பாத்துடேன் அண்ணாத்தே, எதுக்கும்" என்று வம்புக்குக் கேட்டார்.

அப்பா குழாயை ஆணியில் மாட்டினார். "எம் பொண்ணு சொல்லிடிச்சி. சரியாத்தான் இருக்கும்" என்றார்.

வண்டி கிளம்பிப் போன சத்தம் கேட்டது. அன்று சாயங்காலம் வரைக்கும் நான் வேறு ஒன்றும் பேசவில்லை. தொண்டை வலித்தது.